ஒரே பேரில் இரண்டு கோபுரம்

மங்கையர்க்கரசிக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள். கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைப்பாள். பிள்ளையார்பாளையத்தில் அவளிடம் டிசைன் வாங்குகிற தறிக்காரர்கள் எல்லோருக்கும் இது தெரியும். ஒரு தடவை துடைத்தால் பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள். இரண்டாம் தடவை துடைத்தால் ஏதாவது சாக்குச் சொல்லிவிட்டு எழுந்து வாசலுக்குப் போய்விடுவார்கள். கம்ப்யூட்டர் மட்டும்தான் இதற்கெல்லாம் அசையாது. வைத்த இடத்தில் இருந்துகொண்டு, கேட்டதற்கு இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டே இருக்கும்.

பட்டுப்புடவையின் கரைக்கும் முந்தானைக்கும் டிசைன் போட்டுக் கொடுப்பது அவள் வேலை. படம் வரைகிற வேலை என்று வெளியாட்கள் நினைப்பார்கள். உண்மையில் அது கட்டம் நிரப்புகிற வேலை. ஒரு கட்டம் என்பது ஒரு இழை. கறுப்பாக நிரப்பினால் அந்த இழை தறியில் மேலே எழும்ப வேண்டும், வெள்ளையாக விட்டால் கீழேயே கிடக்க வேண்டும். அவள் நிரப்பிக் கொடுத்ததை அட்டை குத்துகிறவர் வாங்கிப்போய், வரிக்கு ஒரு அட்டையாகத் துளை போடுவார். அந்த அட்டைகளை வரிசையாகக் கோத்துத் தறிக்கு மேலே இருக்கிற ஜக்கார்டுப் பெட்டியில் மாட்டிவிட்டால், துளை உள்ள இடத்தில் இழை எழும்பும். நெய்ய நெய்யக் கரையில் மயிலோ யானையோ கோபுரமோ தெரிய வரும். ஒரு கட்டம் தப்பினாலும் மயிலுக்குக் கண் இருக்காது. தப்பியது யார் என்று ஊரே கேட்கும்.

இந்த வேலைக்கு அவள் வந்தது திட்டம் போட்டு வந்ததில்லை. கல்யாணத்துக்கு முன்னால் அரசாங்க வேலை கிடைக்கும் என்று தமிழ் டைப்ரைட்டிங் படித்தாள். வேலை கிடைக்கவில்லை, விரல் மட்டும் பழகிவிட்டது. அவள் அப்பா கிராஃப் தாளில் போட்டுவைத்த டிசைன்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தர ஆள் வேண்டும் என்று தறிக்காரர்கள் தேடியபோது, தட்டத் தெரிந்த விரல் அவளிடம் இருந்தது. பழைய மெஷின் ஒன்றை வாங்கிப்போட்டாள். மென்பொருளை யாரும் சொல்லித் தரவில்லை. தப்பாகத் தட்டி, கெடுத்து, மறுபடி போட்டு, எந்தத் தப்புக்கு எந்தக் கோளாறு வரும் என்று தானே தெரிந்துகொண்டாள். இப்போது நாற்பத்து நான்கு வயது. கட்டம் தப்பினது என்று அவளிடம் யாரும் வந்து வெகுநாள் ஆகிறது.

தொல்லை வேறு பக்கத்திலிருந்து வந்தது. மெஷின் கிழடாகிப்போனது. டிசைன்கள் இருக்கிற ஃபோல்டரைத் திறந்தால், உள்ளே இருக்கிற ஒவ்வொன்றுக்கும் சின்னப் படம் போட்டுக் காட்டுகிறேன் என்று ஆரம்பித்து, பாதியில் மயங்கி விழுந்துவிடும். ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை செய்கிற அவள் தம்பி முத்துக்குமார் போன வருஷம் வந்து, பழைய சிஸ்டத்தை எடுத்துவிட்டுக் காசில்லாத சிஸ்டம் ஒன்றைப் போட்டான். கையோடு ஒரு கறுப்பு ஜன்னலைத் திறந்து காட்டினான்.

"இதுல படம் கிடம் எதுவும் வராதுக்கா. பேரு மட்டும்தான் வரும். அதனால மெஷின் தொங்காது. எல்-எஸ் அடிச்சா இன்னா இருக்குதுன்னு காட்டும். சி-டி அடிச்சு ஃபோல்டர் பேரச் சொன்னா உள்ள போவும். அவ்ளோதான்."

அவ்வளவுதான் என்று அவன் சொல்லிவிட்டுப் போனான். முதல் வாரமே சண்டை தொடங்கிவிட்டது.

'மயில் சக்கரம்' என்று நடுவில் இடம் விட்டுப் பெயர் வைத்திருந்தாள். அதைக் காட்டச் சொன்னால், மயில் என்று ஒன்றும் கிடையாது, சக்கரம் என்றும் ஒன்றும் கிடையாது என்று இரண்டு வரியில் இரண்டு பதில் வந்தது. வேண்டாம் என்று ஒதுக்கின டிசைன்களின் பெயருக்கு முன்னால் ஒரு சின்னக் கோடு போட்டுவைப்பது அவள் வழக்கம். அந்தக் கோட்டைப் பார்த்ததும் அது பெயர் என்றே ஒத்துக்கொள்ளாமல், ஏதோ உத்தரவு போட்டதாக நினைத்துக்கொண்டு, இப்படி ஒரு உத்தரவு எனக்குத் தெரியாது என்றது. ஒன்று, இரண்டு என்று எண் கொடுத்து வைத்த அட்டை ஃபைல்களை ஒன்று, பத்து, பதினொன்று, அப்புறம் இரண்டு என்று அடுக்கிக் காட்டியது. அதைத்தான் அவளால் தாங்கவே முடியவில்லை. அந்த வரிசையில் அட்டையைக் கோத்து மாட்டினால் யானைக்கு முதுகில் கால் முளைக்கும். சொன்ன வேலையைச் செய்துவிட்டால் செய்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லாது. செய்யாவிட்டால் மட்டும் வாய் நீளும்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள். இடம் விடுவதை நிறுத்தினாள். கோடு போடுவதை நிறுத்தினாள். ஒன்றுக்கு முன்னால் சைபர் வைத்தாள். தன் வழக்கங்களை ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்துவிட்டு, இனி அதற்குக் குறை சொல்ல ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் பஞ்சாட்சரம் உரச்சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

பஞ்சாட்சரம் இரண்டு தெரு தள்ளி இருக்கிற தறிக்காரர். தூரத்து உறவு, மாமா முறை. சாக்கைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"இன்னா மாமா, காலையிலயே?"

"எலி துன்னுட்ச்சிமா."

"எத?"

"கோபுரத்த."

சாக்கைக் கவிழ்த்தார். ஜக்கார்டு அட்டைகள் சரிந்து விழுந்தன. பாதிக்கு மேல் ஓரம் குதறப்பட்டு, துளை எது, எலி கடித்தது எது என்று தெரியாமல் இருந்தன.

"கிருத்திகைக்குத் திருத்தணி போனோம். வந்து பாத்தா இப்பிடி. மேல தொங்கனது தப்பிச்சிது, கீழ கெடந்தது எல்லாம் போச்சு. பொடவ பாதிக்கு மேல ஏறி நிக்குதுமா. முகூர்த்தப் பொடவ. பொண்ணு வீட்டுக்காரங்க நேத்துகூட வந்து கரையப் பாத்துட்டுப் போனாங்க."

அதற்கு மேல் அவர் விளக்க வேண்டியிருக்கவில்லை. இந்தப் பாதியில் ஒரு கோபுரம், அந்தப் பாதியில் இன்னொரு கோபுரம் என்று முகூர்த்தப் புடவையைக் கொடுக்க முடியாது. கிழிந்த அட்டைகளுக்குப் பதில் அச்சு அசல் அதே அட்டைகள் வேண்டும். அதற்கு அவள் போட்ட டிசைன் வேண்டும். இல்லாவிட்டால் நெய்த பாதியை அறுத்துப் போட வேண்டியதுதான்.

"அதுக்கு ஏன் மூஞ்ச இப்பிடி வெச்சிருக்கீங்க? ஃபைல் எங்கிட்டதான் இருக்குது," என்றாள். சொல்லும்போது அவளுக்குச் சந்தேகமே இல்லை.

அட்டை குத்துகிற ராஜவேலுவுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டாள். அவர் தன்னிடம் பழையது ஒன்றுமில்லை என்றார். "போன ஆடில மெஷினே மாத்திட்டேன்மா. நீ ஃபைல் குடு, கடிபட்டத மட்டும் உடனே குத்தித் தரேன். ஆனா சாப்ட்டதும் ஆரணி கெளம்பறேன். பொண்ணுக்கு வளகாப்பு. அப்புறம் நான் திரும்பி வந்து கடை தொறக்க ஒரு வாரம் ஆவும்."

ஒரு வாரம் என்றதும் பஞ்சாட்சரம் கூரையைப் பார்த்தார்.

கறுப்பு ஜன்னலைத் திறந்தாள். சி-டி, இடம், கோபுரம். உள்ளே போனாள். எல்-எஸ். ஏழெட்டுப் பெயர்கள் வந்தன. அதில் 'ஏழுநிலை' இருந்தது. அதுதான் பஞ்சாட்சரத்தின் கரைக்குப் போட்ட ஏழு நிலைக் கோபுரம். திறந்தாள்.

பஞ்சாட்சரம் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார். "இது எங்களுது இல்லமா."

"ஏன்?"

"எங்களுதுல உச்சில ஏழு கலசம். இதுல அஞ்சுதான் இருக்குது. அடியில யாளி எங்க?"

அவர் சொல்வதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இது போன ஐப்பசியில் வேறொருவருக்காக, சின்னக் கரைக்கு அடக்கமாக அவள் புதிதாகப் போட்டது. அதற்கும் ஏழுநிலை என்றே பெயர் வைத்திருக்கிறாள். ஒரே ஃபோல்டரில் ஒரே பெயரில் இரண்டு ஃபைல் இருக்க முடியாது. அப்படியானால் புதியதைச் சேமித்தபோது பழையதன் மேலேயே எழுதிவிட்டிருக்கிறாள். ஏழு கலசமும் யாளியும் அன்றைக்கே போய்விட்டன. எலி இப்போதுதான் தின்றது. அவள் ஐப்பசியிலேயே தின்றுவிட்டாள்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். பஞ்சாட்சரம் வாயை மூடிக்கொண்டார்.

ஃபோல்டரை விட்டு வெளியே வந்து, வேறு எங்காவது போட்டுவைத்திருக்கிறோமா என்று மறுபடி எல்-எஸ் அடித்தாள். கொடி, கோபுரம், கோபுரம், சக்கரம், மயில் என்று வரிசையாக வந்தன.

கோபுரம் இரண்டு தடவை வந்தது. அது இன்றைக்குப் புதிதில்லை. பல மாதமாகவே இரண்டு தடவைதான் வந்துகொண்டிருக்கிறது. அந்தக் கறுப்பு ஜன்னலில் தமிழ் எழுத்துகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டுதான் நிற்கும், கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் இழுக்கும். ஆகையால் இதுவும் ஏதோ திக்குவாய், ஒரு வரியை இரண்டு தரம் சொல்கிறது என்று அவள் விட்டுவிட்டாள். இன்றைக்கு அப்படி விட முடியவில்லை. மறுபடி சி-டி கோபுரம் அடித்தாள். அதே ஏழெட்டு. வெளியே வந்து, வேறு விதமாக உள்ளே போகலாமோ என்று மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். அதே ஏழெட்டு. இரண்டு கதவு தெரிகிறது. எந்தக் கதவைத் தட்டினாலும் ஒரே வீட்டுக்குத்தான் போகிறது.

முத்துக்குமாருக்குப் போன் அடித்தாள். கம்பெனிக்குள்ளே போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். டீ நேரம் வரைக்கும் அது அங்கே தனியாகக் கிடந்து அடிக்கும். அவள் அடித்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் அவனே கூப்பிட்டான்.

"இன்னாக்கா, இத்தினி மிஸ்டு கால்? யாருக்கு இன்னா ஆச்சு?"

"கோபுரத்துக்கு ஆச்சு."

நடந்ததைச் சொன்னாள். அவன் டீயை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"ஒரே எடத்துல ஒரே பேர்ல ரெண்டு ஃபோல்டர் இருக்கவே முடியாதுக்கா. அது சட்டம்."

"சட்டம் உன் கம்பெனில இருக்கும். என் வீட்ல ரெண்டு கோபுரம் இருக்குது. வந்து பாரு."

"சரி, பேர முழுசா அடிக்காத. ஸ்டார் போட்டு, கடைசில புரம்னு மட்டும் அடி. முன்னால எது இருந்தாலும் அதுவே கண்டுபிடிச்சிக்கும்."

சி-டி, இடம், ஸ்டார், புரம். தட்டினாள். ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா சொல்லுது?"

"டூ மெனி ஆர்குமென்ட்ஸ்."

"ஓ..."

"இன்னாடா ஓ? நான் ஆர்கியூ பண்றேனா? காலையிலேர்ந்து அதுதான்டா எங்கூட ஆர்கியூ பண்ணிக்கினு கெடக்குது! நான் ஒரு வார்த்த பேசல!"

"அது கரெக்டாதாம்மா சொல்லுது," என்றார் பஞ்சாட்சரம். அவள் திரும்பிப் பார்த்தாள். "நான் ஒண்ணும் சொல்லல," என்றார்.

"அக்கா, ஆர்குமென்ட்னா அது இல்ல. ரெண்டு பேரு மாட்டுது, எதுக்குள்ள போறதுன்னு அதுக்குத் தெர்ல, அவ்ளோதான். அப்பன்னா நெசமாவே ரெண்டு இருக்குது போல. ஒண்ணு கெட்டுப்போனதா இருக்கும். ஒண்ணு பண்ணு. ஆர்-எம், கோடு, ஆர் போட்டுக் கோபுரம்னு அடி. ஒண்ணு போயிடும். மிச்சம் இருக்கறது தொறந்துக்கும்."

அடித்தாள். என்டர் மேல் விரலை வைத்துக்கொண்டு கேட்டாள். "எது போவும்?"

"எதுனா ஒண்ணு."

"எதுனாவா?"

"லைன்ல கூப்பிட்றாங்கக்கா, சீக்கிரம் தட்டு."

தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டின பாவில் இரண்டு இழை சிக்கிக்கொண்டால் தறிக்காரன் கத்திரியைக் கையில் எடுக்க மாட்டான். எந்த இழை எங்கே போகிறது என்று விரலால் பிடித்துக்கொண்டே கடைசி வரைக்கும் போய்ப் பார்ப்பான். எதுனா ஒண்ணு என்று அறுப்பவனுக்கு அந்தத் தெருவில் யாரும் பாவு கொடுக்க மாட்டார்கள். அவள் விரலை என்டரிலிருந்து எடுத்தாள். அடித்ததை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். "வைடா போன," என்றாள். அவன் ஏற்கெனவே வைத்துவிட்டிருந்தான். அன்றைக்கு அவள் தட்டியிருந்தால் போன ஒரு வருஷத்துக் கோபுரங்கள் எல்லாம் ஒரே மூச்சில் போயிருக்கும். அது அவளுக்கு அப்போது தெரியாது.

"இன்னாமா, ஆவாதா?" என்றார் பஞ்சாட்சரம். குரலில் கேலி இல்லை. "ஆவாதுன்னா சொல்லிடு. பொண்ணு வீட்ல போய்ப் பேசணும். மொகத்த எப்பிடி வெச்சிக்கினு பேசறதுன்னு யோசிக்கணும்."

அவள் கண்ணாடியை மறுபடி துடைத்தாள். அவர் எழுந்து வாசலுக்குப் போனார்.

உள்ளே போகச் சொன்னால்தானே எதற்குள் என்று தெரியாமல் முழிக்கிறது. போக வேண்டாம், இருப்பதைக் காட்டினால் போதும் என்று சொன்னால்? அதே ஸ்டார், அதே புரம், சி-டிக்குப் பதில் எல்-எஸ். தட்டினாள்.

மடமடவென்று பெயர்கள் ஓடின. முதலில் கோபுரம் என்று ஒரு தலைப்பு, அதன் கீழே அந்த ஏழெட்டு. அப்புறம் இன்னொரு தலைப்பு, அதுவும் கோபுரம் என்றே இருந்தது. அதன் கீழே திரை கொள்ளாத அளவுக்குப் பெயர்கள். மூன்றுநிலை, ஐந்துநிலை, ராஜகோபுரம், கட்டைகோபுரம், எல்லாம் அவள் பழைய சிஸ்டத்தில் போட்டவை. நடுவில் ஏழுநிலை.

அவள் எழுதி அழிக்கவில்லை. அழிந்துபோகவில்லை. உள்ளே இருக்கிறது. மூச்சை விட்டாள். விட்ட மறு கணமே கோபம் இன்னும் அதிகமாக வந்தது. இருப்பதைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு, கேட்டால் வேறொன்றைக் கொடுக்கிறதே.

இரண்டாவது தலைப்பை எலிப்பொறியில் கை வைக்கிற மாதிரி கவனமாக மவுஸால் பிடித்தாள். நான் அடித்தால்தானே உனக்குப் புரியவில்லை, நீயே எழுதினதை உன்னிடமே காட்டுகிறேன் என்று சி-டிக்குப் பக்கத்தில் அப்படியே ஒட்டினாள். உள்ளே போனது. ஏழுநிலையைத் திறந்தாள். ஏழு கலசம். அடியில் இரண்டு யாளிகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றன.

"மாமா!"

பஞ்சாட்சரம் செருப்போடு உள்ளே ஓடி வந்து, திரையைப் பார்த்து, திரும்பிப் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். "இதுதாம்மா. இதேதான். கெளம்பு, கெளம்பு."

"இருங்க."

"இன்னா இருக்கறது? ராஜவேலு பஸ்ஸு ஏறிடுவான்!"

ஃபைலைப் பென்டிரைவில் ஏற்றினாள். அது ஏறி முடிகிற வரைக்கும் சும்மா இருக்க அவளால் முடியவில்லை. ஒட்டின பெயர் ஒன்று, தானே அடித்த பெயர் ஒன்று, இரண்டையும் மேலும் கீழுமாக வைத்துப் பார்த்தாள். ஒரு வித்தியாசமும் இல்லை. சரி என்று தான் அடித்ததைக் கடைசியிலிருந்து அழித்துக்கொண்டே வந்தாள். 'கோ' மட்டும் மிஞ்சியது. இன்னொரு தட்டு. கொம்பும் காலும் ஒன்றாகப் போய் வெறும் 'க' நின்றது. ஒட்டினதையும் அதே மாதிரி அழித்துக்கொண்டு வந்தாள். 'கோ' மிஞ்சியது. ஒரு தட்டு தட்டினாள். 'கே' நின்றது.

கால் மட்டும் தனியாகக் கழன்றுகொண்டு வந்துவிட்டது.

கொஞ்ச நேரம் அந்தக் 'கே'யைப் பார்த்தாள். அப்புறம் அவள் விரல்களுக்கே ஞாபகம் வந்தது. டைப்ரைட்டரில் 'கோ' என்று ஒரு எழுத்து கிடையாது. முதலில் இரட்டைக் கொம்பைத் தட்ட வேண்டும், அப்புறம் 'க', அப்புறம் கால். மூன்று தட்டு. பழைய சிஸ்டத்தில் அதே டைப்ரைட்டர் முறையில்தான் பெயர் வைத்தாள். கொம்பு தனித் துண்டு, கால் தனித் துண்டு. முத்துக்குமார் சிஸ்டத்தை மாற்றினபோது அந்த முறை வரவில்லை. போனில் அடிப்பது மாதிரி அடித்துக்கொள் என்றான். ஒரு மாதம் திட்டிக்கொண்டே அதையும் பழகினாள். அதில் 'கோ' அடித்தால் கொம்பும் காலும் ஒரே துண்டாக வந்து விழும். பார்ப்பதற்கு இரண்டும் 'கோ'. மெஷினுக்கு இரண்டும் வேறு.

இது அவளுக்குப் புரியாத விஷயமே இல்லை. கரைக்கு வேறு நாடா போட்டு, அதாவது ஊடிழையைத் தனியாக ஓட்டி, உடலோடு கோர்த்து நெய்த புடவையும், எல்லாவற்றையும் ஒரே ஓட்டில் நெய்துவிட்டுக் கோர்வை என்று சொல்கிற புடவையும் முன்பக்கம் ஒன்றுபோலத்தான் இருக்கும். தெரிந்தவர்கள் புடவையைத் திருப்பிப் பார்ப்பார்கள். இத்தனை மாதமாக அவள் கோபுரத்தை முன்பக்கமாகவே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. போன வருஷம், சிஸ்டம் மாற்றின புதிதில், சி-டி கோபுரம் என்று அடித்தபோது அப்படி ஒரு ஃபோல்டரே இல்லை என்றது. அதோடு சண்டை போட அன்றைக்கு அவளுக்கு நேரமில்லை. இல்லாவிட்டால் போ, புதுசாக ஒன்று போட்டுக்கொள்கிறேன் என்று அவளேதான் இன்னொரு கோபுரத்தை உண்டாக்கினாள். பழைய கோபுரங்களை அப்புறம் யாரும் கேட்டு வரவில்லை, அவளும் தேடவில்லை. ஏற்கெனவே இருக்கிறது என்று அது தடுக்கவில்லை. அதற்கு அது வேறு பெயர்தானே.

"அரசி, நீ வரியா, நான் அந்தக் குச்சியப் புடுங்கிக்கினு போவட்டுமா?" என்றார் பஞ்சாட்சரம்.

"வரேன், வரேன். தப்பிச்ச அட்டைல ஒண்ண எடுத்துக்கங்க. நல்லதா பாத்து."

"அது எதுக்கு?"

"எடுத்துக்கங்க மாமா."

அவருடைய மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து போனாள். ராஜவேலு கடையில் பாதி ஷட்டரை இறக்கிவிட்டு, புதுச் சட்டையில் நின்றுகொண்டிருந்தார். வளையல் பெட்டி ஒன்று மேஜை மேல் தயாராக இருந்தது.

"இன்னாமா இவ்ளோ நேரம்? ஃபைல் இருக்குதுன்னு சொன்னியே?"

"இருந்துது. வர மாட்டேன்னு சொல்லிச்சு."

அவர் பென்டிரைவைச் செருகினார். டிசைன் வந்தது. எந்த அட்டையிலிருந்து வேண்டும் என்றார். எலியிடம் தப்பித்த, கையோடு கொண்டுவந்த அட்டையின் எண்ணைச் சொல்லி, முதலில் அதையே ஒன்று குத்தச் சொன்னாள் மங்கையர்க்கரசி.

"நல்லா இருக்கற அட்டைய எதுக்கும்மா மறுபடி குத்தறது? எனக்கு பஸ்ஸுக்கு நேரமாவுது."

"காலையிலேர்ந்து கண்ணால பாத்த எதையும் நான் நம்பற மாதிரி இல்லண்ணா. ஒண்ணே ஒண்ணு குத்துங்க."

மெஷின் கடகடவென்று ஒரு அட்டையைக் குத்தித் தள்ளியது. பஞ்சாட்சரம் தன் அட்டையை அதன் மேல் வைத்து, நான்கு ஓரமும் ஒட்டப் பிடித்துக்கொண்டு, ஷட்டருக்குக் கீழே குனிந்து வெயிலில் தூக்கிப் பிடித்தார். அவளும் குனிந்து பார்த்தாள். ஒவ்வொரு துளை வழியாகவும் வெளிச்சம் வந்தது. அடைபட்ட துளை ஒன்றுகூட இல்லை. அவள் வரிசை வரிசையாக, மேலிருந்து கீழாக, ஒரு தரம் முழுக்கப் பார்த்தாள். பஞ்சாட்சரத்துக்குக் கை வலித்தது. இறக்கச் சொல்லாமல் அவர் இறக்கவில்லை.

"குத்துங்கண்ணா," என்றாள்.

ராஜவேலு சட்டைக் கையை மடித்துக்கொண்டு கடிபட்ட அட்டைகளைக் குத்த ஆரம்பித்தார். ஆரணியிலிருந்து இரண்டு தடவை போன் வந்தது. வந்துக்கினே இருக்கேன் என்று இரண்டு தடவையும் சொன்னார். கடைசி அட்டை விழுந்ததும் வளையல் பெட்டியை எடுத்துக்கொண்டு, ஷட்டரை இழுத்துவிட்டு ஓடினார்.

பஞ்சாட்சரம் புதிய அட்டைகளைச் சாக்கில் போடாமல் மொபெட்டில் தன் காலுக்கு முன்னாலேயே வைத்துக்கொண்டார். சாயங்காலத்துக்குள் கோத்து மாட்டிவிட்டால் நாளை காலை தறி ஓடும். முகம் இப்போது தெளிந்திருந்தது. அதனால் வாயும் திரும்பி வந்துவிட்டது. மங்கையர்க்கரசி மட்டும் முறைத்துக்கொண்டு நின்றாள். கோபுரம் ஒன்றுதானா? கொடி இருக்கிறது. தோகை இருக்கிறது. கோலம், ஜோடிமயில், மொட்டு. கொம்பும் காலும் சேர்ந்து வருகிற ஒவ்வொரு பெயரையும் வீட்டுக்குப் போய்த் திருப்பிப் பார்க்க வேண்டும். எத்தனை இரட்டை இருக்கிறதோ. எதற்குள் எதைப் போட்டு வைத்திருக்கிறாளோ.

"ஏம்மா அரசி," என்றார் பஞ்சாட்சரம், மொபெட்டை உதைத்துக்கொண்டே. "அந்தப் பொட்டில எம் பேர்ல இன்னொரு பஞ்சாட்சரம் இருக்கானா பாத்து வையேன். பாதி நாளு தறில அவன ஒக்காத்தி வெச்சிட்டு நான் தூங்கறேன்."

அவள் சிரிக்கவில்லை. பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"இருந்தாலும் கூப்ட்டா வர மாட்டான் மாமா," என்றாள்.